படிக்கக் கேட்டேன், சரி

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் 1935-இல் ஆரம்பித்த படக் கம்பெனி. நூறு படங்களுக்கு மேல் அங்கே தயாராயின. காமிராவுக்கு ஒருவர், ஒலிப்பதிவுக்கு ஒருவர், விளக்கு பிடிக்க, ஒப்பனை போட, வண்டி ஓட்ட, சோறு ஆக்க என்று ஒரு படத்துக்கு ஒரு தெருவே வேலை செய்யும் என்பார் என் மாமனார்.

என் பேரன் அத்தனை பேர் வேலையையும் ஒருவனாகச் செய்கிறான். முதுகில் ஒரு பை, கையில் ஒரு செல்போன், மடக்கினால் முழ நீளத்துக்கு வரும் ஒரு முக்காலி ஸ்டாண்டு. இவ்வளவுதான் கம்பெனி. மகள் வயிற்றுப் பேரன். திருச்செங்கோட்டில் இன்ஜினியரிங் படிக்கிறான். கம்ப்யூட்டர் விளையாட்டுகளைச் செய்கிறவர்களையும் ஆடுகிறவர்களையும் பேட்டி எடுத்து யூடியூபில் போடுவது அவனுடைய பொழுதுபோக்கு.

இதைச் சொன்னதும் நடைப்பயிற்சி நண்பர் ஒருவர், "ரம்மியா சார்?" என்று கவலையோடு கேட்டார். இல்லை. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு அரசு 2022-இல் சட்டம் போட்டது. மத்திய அரசும் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. அதே சட்டம் மின் விளையாட்டுப் போட்டிகளை முறையான விளையாட்டாக வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. பேரன் போவது இந்த இரண்டாவது வகைக் கூட்டத்துக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் கதை. கூட்டத்துக்குள் தனி ஆளாகப் போய்ப் பேட்டி எடுப்பதில் தப்பில்லை. தனி ஆளாகப் போய் இருபது பேட்டி எடுக்க நினைப்பதுதான் தப்பு. இதைச் சொல்ல ஒரு குமாஸ்தாவுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் கூட்டத்துக்கு நடுவில் தனி ஆளாக உட்கார்ந்து கேட்டு எழுதியவன்தான்.

இந்த மாதிரி விழாக்கள் நம் பக்கத்துக்குப் புதிது. காமிக் கான் என்கிற விழா சென்னைக்கு முதன்முதலாக வந்ததே 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில். படக்கதை, சினிமா வேஷம், கம்ப்யூட்டர் விளையாட்டு எல்லாம் கலந்த திருவிழா. ஜெர்மனியில் கொலோன் நகரத்தில் வருஷாவருஷம் நடக்கும் கேம்ஸ்காம் என்ற விழாவுக்கு 2024-இல் 3,35,000 பேர் வந்தார்கள். சென்னைக் கூட்டம் அந்த அளவு இல்லை என்றாலும் என் வயதுக்கு அதுவே தாராளம்.

சில மாதங்களுக்கு முன் சென்னையில் இப்படி ஒரு இரண்டு நாள் விழா. எது என்று பெயர் வேண்டாம். பேரன் தனியாகப் போகிறான் என்று மகள் பயந்ததால் துணைக்கு நான். ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறும்போதே எனக்கு உத்தரவு வந்துவிட்டது: "அப்புச்சி, நீங்க பையை மட்டும் பாத்துக்கங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

உள்ளே போனதும் காது அடைத்துவிட்டது. மேடையில் இரண்டு பேர் ஆட்டத்தை வர்ணித்துக் கத்துகிறார்கள். ஒவ்வொரு கடையிலும் தனித்தனி ஸ்பீக்கர், தனித்தனிப் பாட்டு. வாளும் இறக்கையும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வேஷம் கட்டி நடக்கிறார்கள். ஒரு விளையாட்டை ஐந்து நிமிஷம் ஆடிப் பார்க்க நிற்கும் வரிசை, அனுமன் ஜெயந்தி அன்று நாமக்கல் ஆஞ்சநேயருக்கு நிற்கும் வரிசையை ஞாபகப்படுத்தியது. நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தேடிப் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பேரனிடம் ஒரு பட்டியல் இருந்தது. இருபது பேர், ஆளுக்கு மூன்று கேள்வி, இரண்டு நிமிஷம். ஒரு கையில் போன், இன்னொரு கையால் எதிராளியின் சட்டையில் மைக்கைக் குத்துகிறான். வெளிச்சம் பார்க்கிறான், பேட்டரி பார்க்கிறான், குறுக்கே வருகிறவர்களைக் கையால் தள்ளுகிறான், நடுவில் கேள்வியும் கேட்கிறான். பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. தபால் பிரிவு, கணக்குப் பிரிவு, பதிவறை மூன்றையும் ஒரே ஆள் பார்க்கிற மாதிரி.

மத்தியானத்துக்கு மேல் ஓரத்தில் ஒரு சின்ன மேஜைக்குப் போனோம். சங்ககிரிப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயசிருக்கும். தனியாகவே ஒரு விளையாட்டைச் செய்து கொண்டுவந்திருந்தார். ராத்திரி முழுக்க லாரி ஓட்ட வேண்டும். தூக்கம் வரும், டீக்கடை வரும், செக்போஸ்ட் வரும், வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு லாரியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள், சங்ககிரியில் வீட்டுக்கு வீடு டிரைவர். எனக்கே அந்த ஆட்டத்தை ஆடிப் பார்க்க ஆசையாக இருந்தது.

"எதுக்குங்க லாரியை வெச்சுப் பண்ணீங்க?" என்று பேரன் கேட்டான்.

"எங்கப்பா லாரி ஓட்டிட்டு இருந்தாருங்க. வீட்ல இருந்த நாளே கம்மி. ஒரு தடவை நாக்பூர்ல இருந்து போன் பண்ணி..." என்று சொல்லி அந்தப் பையன் மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து யாரோ குறுக்கே போக, திரையில் முகம் மங்கியிருக்கிறது. பேரனுடைய கண் திரையில். "சூப்பருங்க. எந்த இன்ஜின்ல பண்ணீங்க?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

லேலண்டா டாடாவா என்று கேட்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். விளையாட்டு செய்யும் மென்பொருளுக்கும் இன்ஜின் என்றுதான் பெயராம். பையன் "யூனிட்டிங்க" என்றார். ஆனால் அவர் முகத்தை நான் பார்த்தேன். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, சிரித்து, கேட்டதற்குப் பதில் சொன்னார். பேரன் நன்றி சொல்லி மைக்கைக் கழற்றிக்கொண்டு அடுத்த மேஜைக்கு ஓடினான். ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அது தெரிந்தது. வேலையாக இருந்தவனுக்குத் தெரியவில்லை.

ராத்திரி லாட்ஜில் அன்றைக்கு எடுத்ததைப் போட்டுப் பார்த்தான். முதல் ஒன்பது பேட்டி நன்றாக இருந்தது. பத்தாவதிலிருந்து வெறும் இரைச்சல். மைக்கின் வாங்கி போனில் சரியாகச் சொருகாமல், போனுடைய சொந்த மைக்கே ஊரெல்லாம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறது. வாய் அசைகிறது, மேடைக்காரர்தான் கேட்கிறார். லாரிப் பையனும் அந்த இரைச்சலுக்குள்தான். பேரன் ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அப்போதுதான் என் மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன்.

1980-களின் நடுப்பகுதி. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997 ஜனவரி 1-இல். மனு வாங்கும் நாள். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். தப்பு ஆபீஸுடையது இல்லை, என் பேனாவுடையது. நூறு பேருக்கு மேல் நிற்கிறார்கள். மேஜையில் நான் மட்டும். முதியோர் உதவித்தொகை கேட்டு ஒரு அம்மா வந்தார். படிவத்தில் இருக்கிற வரிசைப்படி கேட்டேன், தலை நிமிராமல். பெயர், கணவர் பெயர், வயசு, நிலம் உண்டா, மகன்கள் உண்டா?

"ரெண்டு பசங்க இருந்தாங்க சாமி."

மகன்கள்: 2 என்று எழுதினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஆதரவு இல்லாதவர்களுக்கு என்று கொடுக்கிற பணம் அது. பெரிய மகன்கள் இருந்தால் கிடைக்காது என்பது அன்றைய நடைமுறை. மனு தள்ளுபடி ஆனது. எட்டு மாதம் கழித்து அந்த அம்மா திரும்பி வந்தபோதுதான் விவரம் தெரிந்தது. கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து இரண்டு மகன்களும் ஒரே நாளில் போய்விட்டார்கள். மறுபடி எழுதி அனுப்பிப் பணம் வர இன்னும் ஐந்தாறு மாதம் ஆயிற்று.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் இறந்தகாலத்துக்கு மட்டும் எத்தனையோ வடிவம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதினால் ஆசிரியர் விரல் முட்டியில் அடிப்பார். அத்தனையையும் அடி வாங்கிக் கற்றவன், சொந்த மொழியில் ஓர் அம்மா சொன்ன "இருந்தாங்க" என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நீங்க வேலையா இருந்தீங்க சாமி" என்று மட்டும் சொன்னார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

யாரிடமாவது வாக்குமூலம் எழுதி வாங்கினால் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். கடைசியில் "படிக்கக் கேட்டேன், சரி" என்று எழுதி, அதன் கீழேதான் கையெழுத்தோ கைநாட்டோ. மனு வாங்கும்போது அந்த வழக்கம் இல்லை. "உங்களுக்கு ரெண்டு மகன் இருக்காங்கன்னு எழுதியிருக்கேம்மா" என்று நான் ஒரு தடவை படித்துக் காட்டியிருந்தால் அங்கேயே திருத்தியிருப்பார். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தை மிச்சம் பிடித்து அந்த அம்மாவுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நஷ்டம் செய்தேன். அதற்கப்புறம் பணி ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு மனுவையும் படித்துக் காட்டித்தான் வாங்கினேன். மெதுவான ஆள் என்று பெயர் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும்.

பேரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். தூக்கம் போன பிறகு ஒரு பிரெஞ்சுப் படத்தைப் பற்றியும் சொன்னேன். 1960 கோடையில் ழான் ரூஷ், எட்கார் மொரேன் என்ற இருவர் பாரிஸில் எடுத்தது. அடுத்த வருஷம் 'ஒரு கோடையின் குறிப்பேடு' என்று பொருள்படும் பெயரில் வெளிவந்தது. தெருவில் போகிறவர்களை மைக்கோடு நிறுத்தி, சந்தோஷமாக இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். இன்றைக்கு யூடியூபில் எல்லோரும் செய்வதன் தாத்தா அதுதான். அவசரமாக நிறுத்திக் கேட்ட இடங்களில் பலர் கேள்வியைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அதே படத்தில் இன்னொரு இடம் இருக்கிறது. மார்சலின் லோரிதான் என்ற பெண், நாஜிகளின் அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பி வந்தவர். நாக்ரா என்ற ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாரிஸ் தெருவில் தன்னந்தனியாக நடக்கிறார். காமிராக்காரர்கள் ஒரு காரில் தூரத்தில் இருக்கிறார்கள். பேசச் சொல்லி யாரும் அவசரப்படுத்தவில்லை. முகாமிலிருந்து திரும்பி வராத தன் அப்பாவோடு அவர் பேசிக்கொண்டே நடக்கிறார். நாக்ரா என்றால் போலிஷ் மொழியில் 'பதிவு செய்யும்' என்று பொருளாம். கருவி பதிவு செய்யும். ஆள் பேச வேண்டுமானால் இடமும் பொழுதும் கொடுக்க வேண்டும்.

மறுநாள் பேரன் பட்டியலை எடுக்கவில்லை. நேரே சங்ககிரிப் பையனிடம் போய், "நேத்து சத்தம் பதிவாகலைங்க. தப்பு என்னோடது. இன்னொருக்கா பேசுவீங்களா?" என்று கேட்டான். கூடத்துக்குப் பின்னால் தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் கொஞ்சம் அமைதி. போனை ஸ்டாண்டில் மாட்டினான். ஓர் ஆளுக்கு இன்னொரு நாற்காலி வேண்டியிருந்தது, என் ஸ்டூலைக் கொடுத்தேன். பத்து விநாடி எடுத்து, காதில் மாட்டிக் கேட்டுப் பார்த்தான். பிறகு திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்தான்.

"அப்பா நாக்பூர்ல இருந்து போன் பண்ணினாருன்னு சொன்னீங்க."

அதற்கப்புறம் வெகு நேரம் பேரன் வாயைத் திறக்கவே இல்லை. பதினான்கு நிமிஷம் ஓடியது. நடுவில் ஒரு இடத்தில் பையன் பேச்சை நிறுத்திவிட்டார். நேற்றைய பேரனாக இருந்தால் அடுத்த கேள்வியைப் போட்டிருப்பான். இன்று சும்மா இருந்தான். பையனே தொடர்ந்தார். விளையாட்டில் கேட்கும் ஹாரன் சத்தம் அவருடைய அப்பா கடைசியாக ஓட்டிய லாரியினுடையதாம். வண்டியை விற்பதற்கு முதல் நாள் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறார். முடிந்ததும் பேரன் பதிவை அவருக்கே போட்டுக் காட்டினான். ஒரு இடத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டான். அதனால் அது என்ன என்பதை நானும் இங்கே எழுத மாட்டேன்.

இதிலிருந்து நான் சொல்ல வருவது இவ்வளவுதான். தனி ஆளுக்கு இரண்டு கண், இரண்டு காது. கருவி அதில் பாதியைப் பிடுங்கிக்கொண்டால் மீதிப் பாதியால் மனுஷனைக் கேட்க முடியாது. அதனால் கருவியை அதன் பாட்டுக்கு ஓடும்படி செய்துவிட வேண்டும். போனைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் நிறுத்து. முகத்தில் குவியத்தைப் பூட்டு. அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும், அதனால் ஏரோபிளேன் மோடில் போடு. படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே மைக் வாய்க்குக் கிட்டே, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி இருக்கட்டும். பெயர், ஊர், வெளியிடச் சம்மதம் மூன்றையும் பதிவிலேயே அவர் வாயால் சொல்ல வை. சின்னப் பிள்ளைகளானால் அப்பா அம்மாவைக் கேட்காமல் எடுக்காதே. கடைசியில் அவர் எழுந்து போவதற்குள் கொஞ்சமாவது போட்டுக் காட்டு. படிக்கக் கேட்டேன், சரி. இந்த ஒரு பழைய ஆபீஸ் வழக்கம் இருந்திருந்தால், பத்தாவது பேட்டியிலேயே மைக் வேலை செய்யாததும் தெரிந்திருக்கும்.

விழா நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கொலோன் விழாவில் தொழில்காரர்கள் பேச வேடிக்கைக் கூடங்களிலிருந்து பிரித்துத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அவ்வளவு வேண்டாம். நாலு தட்டி கட்டி, உள்ளே ஒரு பாயைத் தொங்கவிட்டு, இரண்டு நாற்காலி போட்டால் போதும். நம் புத்தகத் திருவிழாக்களுக்கும் பொருட்காட்சிகளுக்கும்கூட இதையே சொல்வேன். செல்போனோடு வரும் பிள்ளைகள்தான் நாளைக்கு இந்த விழாக்களின் பதிவேடு.

இதற்குப் பேரனுடைய ஆட்சேபணையையும் சொல்ல வேண்டும். "ரெண்டு பேரை மட்டும் எடுத்தா யார் பாப்பாங்க அப்புச்சி? இருபது வீடியோ போட்டாத்தான் சேனல் ஓடும்" என்றான். அவன் சொன்னது உண்மைதான். அந்த விழாவிலிருந்து அவன் போட்டதில் இறக்கை வைத்த வேஷக்காரப் பெண்ணின் அரை நிமிஷத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம். லாரிப் பையனுடைய பதினான்கு நிமிஷத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் ஒரு வாரம் கழித்து அந்தப் பையன் பேரனுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். அவருடைய அம்மா இரண்டு தடவை முழுக்கப் பார்த்தாராம். அப்பாவைப் பற்றி வீட்டில் இதுவரை இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லையாம். பேரன் அதை என்னிடம் காட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனான். அடுத்த விழாவுக்கு அவன் போட்டிருக்கும் பட்டியலைப் பார்த்தேன். நாலு பெயர்தான் இருந்தது.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேரன் பேத்திகள் இப்படி எங்காவது கிளம்பினால் கூடப் போங்கள். புத்திமதி சொல்ல வேண்டாம். பையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். வேலையாக இருக்கிறவர்களுக்குத் தெரியாதது சும்மா இருக்கிறவர்கள் கண்ணில் படும். அன்றைக்கு அந்த மேஜைக்குப் பக்கத்தில் எனக்கு அப்படி ஓர் ஆள் இருந்திருக்கலாம்.